அம்மாவின் மாத்திரைப் பை

கேள்வி: வளைகுடாவில் இருக்கும் தம்பியைப் பார்க்க அம்மாவை அழைத்துப் போனேன். விமான நிலையத்தில் ஓர் அதிகாரி அம்மாவின் சர்க்கரை நோய், கால் எரிச்சல் மாத்திரைகளைக் கொட்டி, “போதை மருந்தா?” என்று அதட்டினார். டாக்டர் சீட்டைக் காட்டியும் கேட்கவில்லை. அம்மா அழுதுவிட்டார். இதற்குப் புகார் கொடுக்கலாமா?

— வாசகி, திருநெல்வேலி

பதில்: கொடுங்கள், அவசியம் கொடுங்கள். சோதிப்பது அவர் வேலை. சர்க்கரை நோயில் கால் எரிச்சலோடு வந்திறங்கிய ஒரு வயதானவரை அழவைப்பது வேலையல்ல. தேதி, நேரம், கவுன்டர் எண், என்ன பேசினார் என்பதை மறப்பதற்குள் எழுதி, அந்த விமான நிலைய நிர்வாகத்துக்கு அனுப்புங்கள்.

அடுத்த பயணத்துக்கு ஒன்று. கால் எரிச்சலுக்கு நம்மூரில் சாதாரணமாக எழுதித்தரும் பிரீகாபலின், ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. டிரமடாலும் கோடீன் கலந்த இருமல் மருந்தும் அப்படியே. சீட்டு மட்டும் போதாது. அந்நாட்டு அரசின் இணையதளத்தில் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். மாத்திரைகளைப் பிரித்து டப்பாவில் போடாதீர்கள். பெயர் தெரியும் அட்டையோடு, மருந்துக்கடை ரசீதும் ஆங்கிலத்தில் டாக்டர் கடிதமும் கைப்பையில் இருக்கட்டும்.

ஒருவேளை தடுத்து வைத்தால், புரியாத காகிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இந்தியத் தூதரகத்துக்குத் தகவல் சொல்லும்படி கேளுங்கள். 1963ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை தந்த உரிமை அது. அதிகாரி காட்டும் சலுகையல்ல.