வானம் காத்திருக்காது!

கேள்வி: எண்ணெய் வண்ணம் காய நாளாகிறது, வானமோ நிமிடத்தில் மாறிவிடுகிறது. நிலக்காட்சியை வெளியில் நின்று எப்படித்தான் வரைவது?
– ஓவிய மாணவர், கும்பகோணம்

பதில்: இங்கிலாந்தின் நிலக்காட்சி ஓவியர் ஜான் கான்ஸ்டபிளுக்கும் இதே பாடுதான். 1821, 1822-இல் லண்டனை ஒட்டிய ஹாம்ப்ஸ்டெட் மேட்டில் நின்று, மேகங்களை மட்டும் சிறு தாள்களில் எண்ணெய் வண்ணத்தால் விறுவிறுவெனத் தீட்டிப் பழகினார். ஈரம் காயுமுன்பே அடுத்த வண்ணத்தை இழுத்தார். பல தாள்களின் பின்புறம் தேதி, நேரம், காற்றின் திசை எல்லாம் குறித்துவைத்தார். பெரிய படங்களை ஸ்டூடியோவில்தான் முடித்தார். ‘தி ஹே வெயின்’ படத்துக்கு முன்னால் அதே அளவில் ஓர் எண்ணெய் ஒத்திகையே பார்த்தார்!

நீங்களும் வெளியில் முழுப் படத்தையும் முடிக்கப் பார்க்காதீர்கள். தாளில் முதலில் ப்ரைமர் பூசிவிடுங்கள், இல்லாவிட்டால் எண்ணெயை உறிஞ்சிவிடும். பிறகு, வானத்தை மட்டும் பிடியுங்கள்.