செம்மாடக் கனவும் இரு மொழிபெயர்ப்புக்களும்

மூலமொழி அறியாதார் ஒரு நாவலைக் கற்றோம் எனல் தகுமோ? சீன நாவல்களுள் தலைசிறந்ததெனப் பலரும் போற்றும் ‘செம்மாடக் கனவு’ என்னும் பெருநூலை ஆங்கிலத்திற் பயின்றபோது இவ்வினா எம்மை விடாது தொடர்ந்தது. ஜியா என்னும் செல்வக்குடி சீர்குலைந்த கதை அது. சாவ் சுவேசின் இயற்றிய 80 அதிகாரங்கள் முதலிற் கையெழுத்துப் படிகளாய் உலவின. 120 அதிகாரங்கொண்ட பதிப்பு 1791-இல் அச்சேறிற்று.

யாம் பயின்ற முழுப் பெயர்ப்புக்கள் இரண்டு. டேவிட் ஹாக்ஸ் என்பார் இப்பணியின் பொருட்டு ஆக்ஸ்போர்டுச் சீனப் பேராசிரியர் பதவியை 1971-இல் துறந்தார். அவர் பெயர்த்த மூன்று பகுதிகளும், ஜான் மின்போர்டு பெயர்த்த எஞ்சிய இரண்டும் 1973 முதல் 1986 வரை வெளிவந்தன. மற்றையது, யாங் சியான்யியும் ஆங்கிலேயரான அவர்தம் மனைவியார் கிளாடிசும் பெய்ஜிங்கில் 1978 முதல் 1980 வரை மூன்று பகுதிகளாக வெளியிட்டது.

இரண்டையும் அருகருகே விரித்துப் படித்தலே மூலத்தை ஒருவாறு எட்டிப்பார்க்கும் வழி என்பது எம் கருத்து. கதைத் தலைவன் பாவ்யூ வாழும் மனையின் பெயரை யாங் தம்பதியர் செந்நிறம் தோன்றப் பெயர்த்தனர்; ஹாக்ஸோ அதனைப் பசுமை மனையாக்கினார்! சீனர்க்குச் சிவப்பு இளமையும் வசந்தமும் நற்பேறுமாம். ஆங்கிலேயர்க்கு அவ்வுணர்ச்சியைத் தருவது பசுமை என்பது அவர் கொண்ட காரணம். நூற்பெயரிலும் சிவப்பை விலக்கிக் ‘கல்லின் கதை’ என்றார். அதுவும் நூலின் பழம்பெயரே. ஆங்கிலேயர்க்கு இது பொருந்தலாம். செம்மை என்னும் ஒரே சொல்லால் நிறத்தையும் நேர்மையையும் சிறப்பையும் குறிக்கும் தமிழர்க்கு இம்மாற்றம் வேண்டுவதன்று. எமக்கு அணித்தாய் இருந்த மனையை இடைநின்ற மொழியே சேய்மைப்படுத்திற்று.

பணிப்பெண்டிர் பெயர்களை ஹாக்ஸ் பொருள் விளங்க மாற்றி, தலைவர்தம் பெயர்களை ஒலியளவில் விட்டார். மக்கள் நெருங்கிய அம்மாளிகையில் ஆண்டார் யார், அடியார் யார் எனப் பெயர் கண்ட அளவிலே தெளிகின்றோம். இதற்கு அவர்பால் நன்றியுடையோம்.

சிலேடையின் நிலைதான் இரங்கத்தக்கது. முதல் அதிகாரத்து ஜென் ஷியின் என்னும் பெயர், செவியளவில் ‘மெய்ந்நிகழ்ச்சி மறைந்தது’ எனப் பொருள்படும். ஜியா என்ற குடிப்பெயரோ ‘பொய்’ என்னும் சொல்லோடு ஒத்தொலிக்கும். அக்குடி மகளிர் நால்வர் பெயர்களின் முதலெழுத்துக்களைக் கூட்டினால் ‘பெருமூச்சிற்கே உரியது’ என்பதன் ஒலி எழும். எந்த ஆங்கிலம் இதனைத் தாங்கும்? காளமேகத்தைப் பிறமொழியிற் பெயர்ப்பார் படும் பாடும் இதுவே.

தொடங்க விரும்பும் நண்பர் ஐந்தாம் அதிகாரத்தை இரு பெயர்ப்பிலும் எடுத்துப் படிக்க. ஆங்கே பாவ்யூ தன் கனவிற் சில ஏடுகளைக் காண்கிறான். தன்னுடன் வாழும் மகளிரின் ஊழ் அவற்றில் புதிர்ச் செய்யுளாய் வரையப்பட்டுள்ளது. அவன் அவற்றைப் படிக்கிறான்; பொருள் அறிந்தானல்லன்.