படகின் தேக்குக்கு எந்தப் பூச்சு?

ராபர்ட் பெர்ரி வடிவமைத்து, 1970களில் தைவானில் கட்டத் தொடங்கிய தாயானா 37 போன்ற பாய்மரப் படகுகளில் திரும்பின பக்கமெல்லாம் தேக்குதான்: மேல்தளம், கைப்பிடிக் கட்டை, விளிம்புச் சட்டம். அப்படியொரு பழைய படகை வாங்கியவர், பராமரிப்புக்கு வருஷத்தில் எத்தனை நாள் ஒதுக்க முடியும் என்று கணக்குப் போட்டுவிட்டுப் பூச்சைத் தேடுவது நல்லது.

சும்மா விடுவது

தேக்கில் இயல்பாகவே எண்ணெய் உண்டு, எளிதில் உளுத்துப்போகாது. வெயில் பட்டுப் பட்டு வெள்ளிச் சாம்பல் நிறமாகும். அதனால் மரத்துக்குக் கேடில்லை. கடல்நீரும் மெத்தென்ற பிரஷும் போதும். ரேகைக்குக் குறுக்கே தேய்க்க வேண்டும். ரேகையோடு தேய்த்தால் இடையிலுள்ள மென்பகுதி கரைந்து வரிவரியாகப் பள்ளம் விழும். அமில க்ளீனர் பழைய நிறத்தை மீட்கும், ஆனால் ஒவ்வொரு முறையும் மரத்தையும் கொஞ்சம் தின்னும்.

தேக்கு எண்ணெய்

பூசுவது சுலபம், பூசிய அன்று அழகு. நல்ல வெயிலில் சில வாரங்களிலேயே மங்கும்; ஈரம் தங்கினால் பூஞ்சை பிடித்துக் கறுக்கும். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள். தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவிடுங்கள்.

வார்னிஷ்

அழகில் இதை மிஞ்ச ஆளில்லை, வேலையிலும்தான். பழையதைச் சுரண்டி, உப்புத்தாள் போட்டு, அசிட்டோனால் மேலெண்ணெயைத் துடைக்க வேண்டும். முதல் கைக்குப் பாதிக்குப் பாதி தின்னர். அடுத்தடுத்த கைகளில் குறைத்துக்கொண்டே போகலாம். ஒவ்வொரு கைக்கும் நடுவில் 220ஆம் நம்பர் உப்புத்தாள். இப்படி ஆறு முதல் எட்டுக் கை. காலைப் பனி உலர்ந்தபின் தொடங்கிப் பிற்பகலிலேயே நிறுத்துங்கள். காயுமுன் மாலை ஈரம் விழுந்தால் மினுப்பு போய்விடும். பிறகும் வருஷத்துக்கு ஓரிரு கை, வெப்ப நாடுகளில் இன்னும் அதிகம். சிறு கீறலையும் அன்றே அடைக்க வேண்டும். நீர் புகுந்தால் அடியில் மரம் கறுத்து, பூச்சு தோலாக உரியும்.

செட்டால்

நிறமி கலந்த பூச்சு. மூன்று கை போதும். அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை லேசாகத் தேய்த்து ஒரு கை. சில வகைகள் ஆரஞ்சு சாயல் அடிக்கும், ரேகையும் கொஞ்சம் மங்கும்.

எதற்கு எது?

படகு முழுக்க ஒரே பூச்சு வேண்டியதில்லை. கால் படும் தளத்தைச் சும்மா விடுங்கள். வார்னிஷ் தளம் நனைந்தால் வழுக்கிவிடும். நீளமான விளிம்புச் சட்டத்துக்குச் செட்டால். கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடிய கதவுப் பலகை, சுக்கான் பிடி போன்றவற்றுக்கு வார்னிஷ்; படகு நிற்கும்போது துணி உறை போட்டுவைத்தால் வெகுநாள் தாங்கும். எண்ணெயை நான் எதற்கும் சொல்லமாட்டேன்.

முடிவெடுக்க முடியாவிட்டால் ஒரு வருஷம் சும்மா விட்டுப் பாருங்கள். சாம்பல் பூத்த தேக்கைத் தேய்த்து எந்தப் பூச்சுக்கும் தயாராக்கலாம். உரிந்துபோன வார்னிஷைச் சுரண்டத்தான் நாள் பிடிக்கும்.