டீயும் காரீயமும்

அல்சூரில் பொழுது விடிவதே டீயோடுதான். பிள்ளைகளுக்கும் டீயில் பன்னைத் தோய்த்துக் கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புகிறோம். டீ குடித்தால் உடம்பில் சேர்ந்த விஷம் முறிந்துவிடும் என்று சொல்பவர்களும் உண்டு. அது உண்மையா?

காரீயம் ஒரு விஷ உலோகம். பழைய பெயிண்டில் இருக்கிறது. வண்டி பேட்டரியில் இருக்கிறது. விநாயகர் சிலைக்குப் பூசும் மலிவான சாயத்திலும் இருப்பதுண்டு. தூசியிலும் தண்ணீரிலும் கலந்து வயிற்றுக்குள் போகும். ரத்தத்தைக் குறைக்கும். சிறு பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும். (ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயத்தில் செய்வது. அது வேறு. ஆனால் அதில் காரீயம் கலந்திருந்தால் ஆபத்து.)

இது எங்கோ நடக்கும் கதை அல்ல. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்தவர் டாக்டர் துப்பில் வெங்கடேஷ். அவரும் ஜார்ஜ் பவுண்டேஷன் என்ற அமைப்பும் சேர்ந்து பெங்களூர், சென்னை முதலிய நகரங்களில் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். 1999ல் முடிவு வெளியானது. பரிசோதித்த பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் காரீயம் மிகுதியாக இருந்தது. அப்போது பெட்ரோலிலும் காரீயம் கலந்தார்கள். 2000ல் அதை நிறுத்தினார்கள். வீட்டுப் பெயிண்டுக்கும் 2017 முதல் கட்டுப்பாடு உண்டு. ஆனால் பழைய சுவரும் பழைய பேட்டரியும் நம்மோடுதான் இருக்கின்றன.

டீக்கு வருவோம். அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகத்தார் செய்த சோதனை 2025ல் வெளியானது. காரீயம் கலந்த தண்ணீரில் டீ இலையை 3 முதல் 5 நிமிடம் ஊறவைத்தால், 100 பங்கு காரீயத்தில் சுமார் 15 பங்கு இலையில் ஒட்டிக்கொள்கிறது. வடிகட்டி எறியும் சக்கையோடு அது போய்விடும். மீதி 85 பங்கு? டம்ளரில்தான்! டீ இலை பிடிப்பது பாத்திரத்தில் உள்ள காரீயத்தை. ரத்தத்திலும் எலும்பிலும் ஏற்கெனவே சேர்ந்ததை டீ எடுத்துவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் காரீயம் போகாது.

டீயின் துவர்ப்பு சாப்பாட்டில் உள்ள இரும்புச் சத்தையும் பிடித்துக்கொள்ளும். கீரையும் ராகிக் களியும் சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அந்த இரும்பில் பெரும்பகுதி ரத்தத்தில் சேராது. இரும்பு குறைந்த உடம்பு காரீயத்தைக் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். பஸ்ஸில் ஒருவர் வராவிட்டால் அந்த இடத்தில் இன்னொருவர் உட்கார்ந்துகொள்வது போலத்தான்.

ஆகவே சாப்பாட்டுக்கும் டீக்கும் நடுவே 1 மணி நேரமாவது விடுங்கள். சின்னப் பிள்ளைகளுக்கு டீயே வேண்டாம். சாப்பாட்டோடு எலுமிச்சம்பழமோ நெல்லிக்காயோ கொய்யாவோ கொடுங்கள். இரும்பு நன்றாகச் சேரும். சாப்பிடும் முன் கை கழுவச் சொல்லுங்கள். பேட்டரி வேலை, பெயிண்ட் வேலை செய்பவர்கள் வேலைத் துணியோடு பிள்ளையைத் தூக்க வேண்டாம். பிள்ளைக்கு அடிக்கடி வயிற்றுவலி வந்தால், நீங்கள் செய்யும் வேலையையும் டாக்டரிடம் சொல்லுங்கள். காரீயம் இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.