வேலை போனால் இ.எஸ்.ஐ. தரும் உதவி



ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துத் தோல், ஷூ கம்பெனிகளில் ஆர்டர் குறைந்தால் முதலில் அடிபடுவது தொழிலாளியின் சம்பளம்தான். அடுத்த வேலை கிடைக்கும்வரை வாடகைக்கும் மளிகைக்கும் வட்டிக்குக் கடன் வாங்கி, பிறகு அதிலிருந்து மீள முடியாமல் தவிக்கும் குடும்பங்கள் உண்டு. வட்டி ஹராம் என்று தெரிந்தும் வேறு வழி தெரியாமல் போகிறார்கள். அவர்களில் இ.எஸ்.ஐ. உள்ளவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது.

திட்டம் என்ன?

இ.எஸ்.ஐ. என்றால் ஆஸ்பத்திரி மட்டுமல்ல. 2018 ஜூலையில் 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' தொடங்கியது. வேலை இழந்தவருக்குச் சராசரி தினச் சம்பளத்தில் கால் பங்கு கிடைத்தது. 2020இல் அது பாதியாக உயர்ந்தது. ஆயுளில் மொத்தம் 90 நாட்கள் வரை பெறலாம். மாதம் 12,000 ரூபாய் வாங்கியவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 200 ரூபாய்; 90 நாளைக்குச் சுமார் 18,000 ரூபாய்.

யாருக்குக் கிடைக்கும்?

1. வேலை போவதற்கு முன் 2 ஆண்டுகள் இ.எஸ்.ஐ. உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும்.

2. ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச் என ஆறு மாதம் ஒரு சந்தாக் காலம். வேலை போவதற்கு முந்தைய காலத்தில் 78 நாட்களும், அதற்கு முந்தைய மூன்று காலங்களில் ஏதாவது ஒன்றில் 78 நாட்களும் சந்தா கட்டியிருக்க வேண்டும்.

3. ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வில் சென்றவருக்குக் கிடையாது. எனவே, கம்பெனி நீட்டும் தாளில் என்ன காரணம் எழுதியிருக்கிறது என்று படித்த பிறகே கையெழுத்திடுங்கள்.

எப்படிக் கேட்பது?

வேலை போய் 30 நாட்கள் கழித்து இ.எஸ்.ஐ. இணையதளத்தில் விண்ணப்பித்து, கிளை அலுவலகத்தை அணுக வேண்டும். இ.எஸ்.ஐ. எண், ஆதார், பாஸ்புக் மூன்றிலும் பெயர் ஒன்றுபோல் இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பணம் வங்கிக் கணக்கிலேயே சேரும். கால நீட்டிப்பின் பேரில் நடந்துவரும் திட்டம் என்பதால், நடப்பு விதியைக் கிளை அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதலாளிகளுக்கு

சம்பளத்தில் தொழிலாளி 0.75 சதவீதமும் முதலாளி 3.25 சதவீதமும் கட்டுவதுதான் இந்தச் சந்தா. தொழிலாளியிடம் பிடித்த பணத்தைக் கட்டாமல் வைத்திருப்பது அமானித மோசடி. வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கச் சொன்ன நபி (ஸல்) அவர்களின் உம்மத்துக்கு அது அழகல்ல.

இது யாசகம் அல்ல. உங்கள் சந்தாவுக்கான உரிமை. கூச்சப்படாமல் கேளுங்கள். அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான ரிஸ்க்கை விசாலமாக்குவானாக. ஆமீன்.