உறைபனிக் காலையில் ஒரு டிராக்டர்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்

நம் உதகையில் மார்கழி, தை மாதங்களில் புல்வெளியெங்கும் உறைபனி படிந்திருப்பதை விடுதி நண்பர்கள் கண்டு மகிழ்வர். எங்கள் வீட்டிலோ அந்நாட்களில் ஒரே கவலைதான்: வண்டி கிளம்புமா? என் தந்தையார் ஒரு காரட் தோட்டத்தில் மூன்று சிலிண்டர் கொண்ட சிறிய டீசல் டிராக்டர் ஓட்டுகிறார். விடியுமுன் மூட்டைகள் கழுவுமிடம் சேராவிட்டால் மேட்டுப்பாளையம் லாரி போய்விடும். சென்ற ஆண்டு ஒரு வாரம் வண்டி சண்டித்தனம் செய்தது. "ஓட்டத் தெரியாமல் கெடுத்துவிட்டாய்" என்றார் முதலாளி. தந்தையார் அதை வீட்டில் சொல்லவில்லை. உடனிருந்த எனக்குத் தெரியும்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது. அழுத்தப்பட்ட காற்றின் சூடே டீசலைப் பற்றவைக்கிறது. காற்றடிக்கும்போது சைக்கிள் பம்பு சுடுவதும் இதனால்தான். நம் வகுப்பில் படித்த வெப்பமாறாச் சூத்திரப்படி, 0 டிகிரிக் காற்றை 22இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறத்தாழ 660 டிகிரி வரவேண்டும். அப்படியானால் வண்டி கிளம்பியிருக்க வேண்டுமே! புத்தகத்துச் சிலிண்டர் வெப்பத்தை இழப்பதில்லை. எங்கள் சிலிண்டர் பனியில் குளிர்ந்த இரும்பு. மேலும் இவ்வகை எஞ்சினில் டீசல் முதலில் ஒரு சிற்றறையில் பீச்சப்படுகிறது. அதன் சுவர்கள் சூட்டை உறிஞ்சிவிடும். இக்குறையைத் தீர்க்கவே சிலிண்டருக்கு ஒன்றாக ஹீட்டர் பிளக் வைத்துள்ளனர். சில விநாடிகளில் அதன் நுனி 800 டிகிரிக்கு மேல் பழுக்கிறது. டீசல் நேரே சிலிண்டரில் பாயும் பெரிய டிராக்டர்கள் பலவற்றில் இது இராது.

எஞ்சினைச் சுழற்றியபோது புகைக்குழாயில் வெண்புகை வந்தது. ஆகவே டீசல் வருகிறது, எரியவில்லை. புகையே வராவிட்டால் டீசல் பாதையைத்தான் முதலில் பார்க்கவேண்டும்.

பாட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு பல்பு வழியாகக் கம்பி எடுத்து ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் தொட்டேன். மூன்றிலும் பல்பு எரிந்தது. பிளக்குகள் நலம் என்று பெருமையோடு அறிவித்தேன். இங்கேதான் தவறினேன். மூன்று தலைகளையும் ஒரு பித்தளைப் பட்டை இணைத்திருந்தது. பக்க இணைப்பில் ஒன்று நன்றாயிருந்தாலும் எங்கே தொட்டாலும் பல்பு எரியும். பட்டையைக் கழற்றிச் சோதித்தபோது இரண்டு செத்திருந்தன. தேர்வில் இக்கணக்குக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்!

புதியவை போட்டும் மறுநாள் கிளம்பவில்லை. அவை கெட்டவை என்று எறிய இருந்தோம். ஆய்வகத்தில் கேட்டு வாங்கிய மீட்டரால் பிளக்குகளுக்குச் செல்லும் கம்பியை அளந்தேன். 12 வோல்ட் காட்டியது. ஆனால் கம்பி அப்போது கழன்றிருந்தது. மின்னோட்டமில்லாத அளவுக்குப் பொருளில்லை. கம்பியை மாட்டி, தந்தையார் சாவியைத் திருப்பிப் பிடித்திருக்க, மீண்டும் அளந்தேன்: 7 வோல்ட்! வெப்பம் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே கிடைத்தது மூன்றில் ஒரு பங்கு வெப்பமே. கம்பியின் முனையில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து இறுக்கினேன்.

இடையில் ஒருவர் ஈதர் தெளிக்கச் சொன்னார். பழுத்த பிளக் உள்ள எஞ்சினில் அது வெடித்து பிஸ்டனையே உடைக்கலாம். நண்பர்கள் யாரும் செய்யவேண்டா.

மறுநாள் விடியற்காலை பத்து எண்ணிவிட்டுச் சாவியை முழுதும் திருப்பினார் தந்தையார். வண்டி உடனே கிளம்பிற்று. "அந்த மீட்டரைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடு" என்றார். அன்றே கொடுத்துவிட்டேன்.