மின்நூலுக்கு நான் தைத்த சட்டை

ஒயரிங் லேப் நோட்டை மின்நூலாக்கி வகுப்புக்கே கொடுத்துவிடலாம் என்று போன செமஸ்டர் லீவில் உட்கார்ந்தேன். என் லேப்டாப்பில் பார்த்தால் கல்யாணப் பத்திரிகை மாதிரி அழகு! மூன்று பேஸ் இணைப்புப் பாடத்தில் ஒவ்வொரு வரியையும் அந்தந்த ஒயரின் நிறத்திலேயே போட்டிருந்தேன். நிறந்தான் தெரிகிறதே என்று பேஸின் பெயரை எழுதவில்லை.

பக்கத்து அறை நண்பன் அதைக் கிண்டிலில் திறந்தான். "எல்லாமே சாம்பலா இருக்கே, இதுல எதுடா ஆர், எதுடா ஒய்?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கறுப்பு வெள்ளை மின்மைத் திரை சாம்பல் சாயல்களைத்தான் காட்டும். இரண்டு பேஸ் இடம் மாறினால் மோட்டார் எதிர்ப்பக்கம் சுற்றும், அது போகட்டும். நீல பேஸைக் கறுப்பு நியூட்ரல் என்று ஒருவன் நினைத்துத் தொட்டால்? அன்று ராத்திரியே எல்லா வரியிலும் ஆர், ஒய், பி, நியூட்ரல் என்று எழுத்தால் எழுதினேன். நிறம் இப்போது கூடுதல் அலங்காரம் மட்டுமே.

ஈபப் என்பது பெரிய மர்மம் இல்லை. ஒரு ஜிப் பொட்டலம். உள்ளே எக்ஸ்எச்டிஎம்எல் கோப்புகள், அவற்றுக்கு அலங்காரம் சொல்லும் சிஎஸ்எஸ். 2007-ல் வந்த தரம் இது, 3.3 பதிப்பை 2023-ல் டபிள்யூ3சி வெளியிட்டது. தரம் ஒன்றுதான், ஆனால் அதைக் காட்டும் மென்பொருள் கருவிக்குக் கருவி வேறு. எழுத்தளவும் பின்னணியும் படிக்கிறவன் கையில். நானோ அச்சுப் பக்கம் என்று நினைத்துவிட்டேன்.

கனத்த கண்ணாடி போடும் இன்னொரு நண்பன் போனில் எழுத்தைப் பெரிதாக்கினான். வரி உயரத்தை நான் 20 பிக்சல் என்று ஆணி அடித்திருந்ததால், 'கீ'யின் மேல்சுழி மேல்வரியில் இருந்த 'மூ'வின் வாலோடு முட்டிக்கொண்டது. தமிழுக்கு மேலும் கீழும் இடம் வேண்டும், பாருங்கள். பிக்சலை எடுத்துவிட்டு அலகே இல்லாமல் 1.6 என்று போட்டேன். எழுத்து வளர வளர வரியும் விலகிக்கொடுத்தது. ஓர இடைவெளிக்கு இஎம் அலகு. ஒரு இஎம் என்றால் அந்த இடத்து எழுத்தின் அளவு, அவ்வளவுதான்.

எழுத்து நிறம் கறுப்பு என்று எழுதியதும் வம்புதான். இரவு முறையில் பின்னணி கறுப்பாகும். சில செயலிகளில் கறுப்பின் மேல் கறுப்பு, பக்கமே காலி! அந்த வரியை அடித்தேன். இரண்டு பக்கமும் சமமாக நிறுத்தும் கட்டளையையும் எடுத்தேன். நம் நீண்ட சொற்கள் சின்னத் திரையில் மடங்காமல், நடுவே வாய்க்கால் வெட்டிய மாதிரி இடைவெளி விட்டன.

இத்தனைக்கும் ஈபப்செக் முதல் நாளே 'பிழையில்லை' என்றது. அது இலக்கணத்தைத்தான் பார்க்கும். எந்த ஒயர் எது என்று அதற்கென்ன தெரியும்?

ஏழு பத்தி உள்ள ரீடிங் அட்டவணை மட்டும் போனில் இன்னும் வலப்பக்கம் வெட்டுப்படுகிறது. அதை மூன்று சின்ன அட்டவணையாக உடைத்துக்கொண்டிருக்கிறேன். மலிவான போன் வைத்திருப்பவர்கள் என் அறைக்கு வாருங்கள், திறந்து பார்த்துச் சொல்லுங்கள்.